மறுமுறை படித்த நூல்கள்

எனக்குப் பதினெட்டு வயது நடந்த காலத்திலே, எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாதந்தோறும் இலக்கியக் கூட்டம் ஒன்று நடைபெறுவதுண்டு. ஒருமுறை தமிழ் நாவலின் தோற்றம் என்னும் பொருள்பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பி. ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' முற்பாதியிற் சிறந்த நாவலென்றும், பிற்பாதியில் வேதாந்தம் புகுந்து அதனைக் கெடுத்துவிட்டதென்றும் ஐயத்துக்கு இடமின்றிக் கூறினேன். அக்கருத்து என்னுடையதன்று, திறனாய்வு நூலொன்றிற் கண்டெடுத்தது. கூட்டம் கலைந்தபின், கடைசி வாங்கில் அமர்ந்திருந்த முதிய பண்டிதர் ஒருவர் என்னை அருகில் அழைத்து, "தம்பி, நீர் அந்தப் புத்தகத்தை எத்தினை தரம் வாசிச்சனீர்?" என்று வினாவினார். "ஒருதரம் ஐயா" என்றேன். அது பொய். முற்பாதியிற் சில அதிகாரங்களை மாத்திரமே நான் படித்திருந்தேன். என் பொய்யை அவர் உணர்ந்தாரோ இல்லையோ அறியேன். "ஒருதரம் வாசிச்சவர் கதையைச் சொல்லலாம், அபிப்பிராயம் சொல்லப்படாது. இன்னொருக்கா வாசிச்சுப்போட்டு வாரும்" என்று கூறிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று அடைந்த நாணம் ஐம்பதாண்டு கழிந்தும் முற்றாக மறையவில்லை. அதன் பயனாக ஒரு வழக்கம் என்னிடத்தே அமைந்தது. ஒரு நூலைப் படித்ததும் தோன்றிய கருத்தைக் கொப்பியொன்றிற் குறித்து வைப்பேன். சில ஆண்டுகளின் பின் அந்நூலை மீண்டும் படித்து, பழைய குறிப்பின்கீழ்ப் புதியதை எழுதுவேன். இரண்டும் ஒத்துச் சென்ற இடங்கள் மிகச் சில. பலவகை நூல்களைப்பற்றிய என் கருத்துக்களை எழுதித் தருமாறு இம்மலரின் ஆசிரியர் கேட்டபோது, அக்கொப்பிகளே நினைவுக்கு வந்தன. இங்கே யான் கூறுவன ஒரு வாசகனின் சொந்த அபிப்பிராயங்களே. நூல்களுக்குத் தரம் வகுக்கும் தகுதி எனக்கில்லை.

பொய் சொன்ன நூலிலிருந்தே தொடங்குதல் முறை. 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது ஆசிரியருக்கு வயது 21; 1898 இல், 26 வயதில், அவர் மறைந்தார். அதனை முதன்முதல் முழுவதும் படித்தபோது சிறுகுளம் என்னும் ஊரும், ஊர்ப்பெண்கள் கூடி வம்பளக்கும் இடங்களும், தமிழ்ப்பண்டிதர் அம்மையப்ப பிள்ளையும் என்னைப் பெரிதும் மகிழ்வித்தன. அம்மையப்ப பிள்ளையின் செய்யுட் பித்தை நினைந்து நினைந்து சிரித்தேன். முத்துஸ்வாமி ஐயர் துன்பங்களால் அலைப்புண்டு, மனைவியின்மேல் ஐயங்கொண்டு, வீட்டைத் துறந்து ஞானகுருவை நாடும் பகுதி சலிப்பையே தந்தது. இரவல்பெற்ற அபிப்பிராயம் உறுதிப்பட்டுவிட்டதென்று எண்ணி மகிழ்ந்தேன்.

மறுமுறை படித்தபோது எனக்கு வயது 46. அதற்குள் இருபதாண்டுக்கு மேலாகத் தமிழ் கற்பித்திருந்தேன். அம்மையப்ப பிள்ளையைக் கண்டு முன்போற் சிரிக்க இயலவில்லை. பாடத்தை விட்டுப் பாட்டிலே மயங்கி நின்றுவிடும் வாத்தியாரை என் வகுப்பு மாணவரும் பார்த்திருப்பர் அன்றோ? பிற்பாதியைப்பற்றிய கருத்தும் மாறிற்று. அப்பாதியில் கதைக்கட்டு தளர்ந்திருப்பது உண்மையே. இன்றும் அதனை மறுக்கமாட்டேன். ஆனால், ஊர்வம்பை நகைச்சுவையாக நாம் சுவைத்த அம்முற்பாதியிலேதான் பின்னர் ஒரு குடும்பத்தை அழிக்கும் அபவாதம் விதைக்கப்படுகிறது. சிரித்தவர்களாகிய நாமும் அவ்வம்பிற் பங்காளிகளே. வேதாந்தத்தைக் குறைகூறுவோர் இத்தொடர்பைக் காணாமல், நாவலை இரண்டு துண்டாக நறுக்கிவிடுகின்றனர். நானும் நறுக்கியவர்களுள் ஒருவன். இதனைப் போய்ச் சொல்லலாமென்றால், அப்பண்டிதர் காலமாகிப் பல ஆண்டுகள் சென்றிருந்தன.

நாவலைவிட்டு நீங்குமுன் கல்கியைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த நூல். யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே அதன் ஐந்து பாகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக இரவல் பெற்றுப் படித்தேன். 'சுழற்காற்று' என்னும் இரண்டாம் பாகத்திற் கதை இலங்கைக்கு வருவது எங்கட்குத் தனி மகிழ்ச்சி. ஆயினும் இறுதியிற் பெரிய ஏமாற்றம் அடைந்தேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யாவர் என்பதை ஆசிரியர் தெளிவாகச் சொல்லவில்லை; கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது, இளவரசன் கிடக்கிறான், அவ்வளவே. ஐந்து பாகம் படித்தவனுக்கு இவ்வளவுதானா கூலி என்று கொப்பியில் எழுதினேன்.

மறுவாசிப்பில் என் கருத்து நேரெதிராயிற்று. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலிய துரோகிகளின் பெயரைக் கூறுகின்றது. அவர்களை ஏவியோர் உண்டோ, கொலைக்குக் காரணம் யாது என்பவற்றைக் கூறவில்லை. சரித்திரம் வாய்திறவாத இடத்தில் கல்கியும் வாய்திறவாது நின்றார். எல்லாவற்றையும் விளக்கிவிடும் பழக்கமுள்ள ஓர் எழுத்தாளருக்கு அத்தகைய அடக்கம் எளிதன்று. மற்றையபடி, மறுவாசிப்பு இந்நூலுக்கு நன்மை செய்யவில்லை. வேண்டிய இடத்தில் வேண்டியவர் வந்து நிற்பதும், ஒட்டுக்கேட்போர் எப்போதும் சரியான தூணின் மறைவிலே இருப்பதும் வாராவாரம் படித்தோர்க்குத் தோன்றியிரா. ஒருமிக்கப் படிப்போர்க்குத் தோன்றும். வந்தியத்தேவன் குதிரைமீதேறிப் புறப்படும்போது இவற்றை மறந்து நானும் பின்னே போய்விடுகிறேன் என்பதையும் ஒளிக்காமற் கூறிவிடுகிறேன்.

ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் துப்பறியும் நாவல்களை மறுமுறை எடுத்து, இருபது பக்கத்துக்கு மேற் செல்லாமல் மூடிவைத்தேன். மருமம் வெளிப்பட்டபின் எஞ்சுவது அங்கே சிறிது. எனினும் அவர்களை இகழ எனக்கு உரிமையில்லை. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பையனை விரைவாகப் படிக்கச் செய்தவர்கள் அவர்களே.

இனி நாடகம். கண்ணால் மௌனமாகப் படித்துவிட்டு நாடகத்தைப்பற்றிக் கருத்துக் கூறுவோரை இப்போது நான் நம்புவதில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் 'நானாடகம்' 1940 இல் வெளிவந்த நூல். 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' முதலிய நான்கு நாடகங்கள் அதில் உள. யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை அவ்வாறே எழுத்தில் வடித்திருந்தமையால், பள்ளிக்கூடத் தமிழிற் பழகிய என் கண்ணுக்கு அது கரடுமுரடாகத் தோன்றிற்று. இலக்கணங்கற்ற பேராசிரியர் ஏன் இப்படி எழுதினார் என்று குறித்துவைத்தேன். சில மாதங்களின் பின் ஒரு மாலைப்பொழுதில், கண்பார்வை மங்கிய என் அம்மம்மாவுக்கு விறாந்தையிலிருந்து அதனை உரக்கப் படித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்திலேயே அவர் சிரிக்கத் தொடங்கினார். உடையார் பேசும்போது, தாம் இளமையில் அறிந்த ஒருவரின் குரலில் அவரே அடுத்த வரியைச் சொல்லிக் காட்டினார். நூலிலிருந்த வரியும் ஏறத்தாழ அதுவாகவே இருந்தது. எழுத்தறியாத அவருக்கு முதல்முறையே விளங்கிய நூல், படித்த எனக்கு இரண்டாம் முறைதான் விளங்கிற்று.

இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கது விபுலாநந்த அடிகளின் 'மதங்க சூளாமணி'. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக 1926 இல் வெளிவந்த இந்நூல் உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்று இயல்களை உடையது. ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' எனத் தமிழாக்கி, அவருடைய பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்காட்டாக ஆராய்கின்றது. அப்பெயராக்கத்தின் துணிவு ஒன்றே என் இளமை மனத்தைக் கொள்ளைகொள்ளப் போதுமாயிருந்தது. தமிழில் ஆகாதது ஒன்றில்லை என்று நெஞ்சு நிமிர்ந்தேன். மறுமுறை படித்தபோது அப்பெருமிதம் குறையவில்லை. ஆயினும் ஓர் ஐயம் பிறந்தது. அடிகள் செய்யுளில் மொழிபெயர்த்த காட்சிகளில் அரசனும் காதலனும் கோமாளியும் ஏறத்தாழ ஒரே செவ்விய நடையிற் பேசுகின்றனர். செய்யுளாகப் பார்க்கின் அவை உயர்ந்தவை. மேடையில் நிறுத்திப் பார்க்கின் ஒருவரையொருவர் வேறுபிரித்தறிதல் அரிது. 'உடையார் மிடுக்கி'லோ பெயரை மறைத்துவிட்டுப் படித்தாலும் பேசுபவர் இன்னார் எனத் தெரியும். நாடக இலக்கணத்தை ஒருவர் வகுத்தார்; நாடகத்தின் வாயை மற்றவர் திறந்தார். இவ்வாறு கூறுதல் அடிகளுக்குக் குறைவாகாதென நம்புகிறேன். அவர் அந்நூலில் மேற்கொண்டது ஆராய்ச்சியே. மேடைக்கு நாடகம் எழுதித்தருவதாக அவர் எங்குஞ் சொல்லவில்லை.

அடுத்து யான் கூறப்போவது நம் நாட்டாருக்குச் சற்றுக் கசக்கலாம். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை 'ஆனந்த விகட'னில் வெளிவந்து, ஆசிரியர் மறைவினால் முற்றுப்பெறாது நின்றது. அதனை முதலிற் படித்தபோது, யாழ்ப்பாணத்து மாணவர் பலரும் செய்வது போல, நானும் ஒரு வழக்கறிஞனின் மனத்தோடு படித்தேன். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளைக்கு அந்நூலில் உரிய இடம் கொடுக்கப்பட்டுள்ளதா என்பதே என் ஒரே வினா. ஐயரின் 'சீவக சிந்தாமணி'ப் பதிப்பு வெளிவந்தது 1887 இல். பிள்ளையின் 'கலித்தொகை'ப் பதிப்பு வெளிவந்ததும் அதே ஆண்டிலேதான். பிள்ளை 1881 இல் 'வீரசோழிய'த்தையும் 1885 இல் 'தொல்காப்பியப் பொருளதிகார'த்தையும் பதிப்பித்துவிட்டார். சிந்தாமணிப் பதிப்பைக் குறித்து இருவரிடையே நிகழ்ந்தவற்றை ஐயர் தம் பக்கத்தினின்று விவரித்துள்ளார். அவ்விடத்தின் ஓரத்தில் யான் இட்ட கோடுகளைப் பின்னர்க் கண்டு வெட்கமுற்றேன். எழுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு நூலில் நான் படித்தது பத்துப் பக்கமே என அக்கோடுகள் சொல்லின.

மறுமுறை படித்தபோது பதிப்பு வரலாறு பின்னணிக்குச் சென்றது. ஓர் ஆசிரியருக்கும் மாணாக்கனுக்கும் இடையேயுள்ள அன்பின் கதை முன்னே வந்து நின்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் ஐயர் 1871 இற் சேர்ந்தார். 1876 இல் ஆசிரியர் காலமானார். ஐந்தாண்டு பழகிய ஒருவரை அறுபதாண்டுக்கு அதிகமாக ஒருவர் நினைந்திருந்து எழுதுகிறார். ஆசிரியருக்கு விருப்பமில்லையெனக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தாம் பயின்ற சங்கீதத்தை நிறுத்திவிட்டதைச் சொல்லுமிடத்து, ஐயர் ஆசிரியரைக் குறைகூறவுமில்லை, தம் இழப்பை மறைக்கவுமில்லை. ஒரு மனிதரை முழுதாக நேசித்துக்கொண்டே அவருடைய குறையையும் அப்படியே எழுதும் ஆற்றல் தமிழ் உரைநடையில் வேறெங்கு உளதென்று எனக்குத் தெரியவில்லை. சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்து, தாம் கற்ற நூல்களின் நீண்ட பட்டியலைச் சொல்லி, அதனால் என்ன பயன் என்ற கேள்வியால் அடிபட்டு நின்ற நிலையையும் அவரே எழுதிவைத்தார். அவ்விடத்தைப் படிக்குந்தோறும் எனக்கு அந்தச் சனசமூக நிலையத்துக் கடைசி வாங்கு நினைவில் வரும். ஐயர் மெய்யாகவே படித்தவற்றைச் சொல்லி அடிபட்டார். நான் படிக்காததைச் சொல்லித் தப்பினேன்.

அப்படியாயின் தாமோதரம்பிள்ளைக்கு நியாயம் எங்கே என்று கேட்பீராயின், அவருடைய பதிப்புரைகளைப் படியுங்கள் என்பேன். பதிப்புரையை ஓர் இலக்கிய வகையாக நாம் எண்ணுவதில்லை. நூலைத் திறந்ததும் அதனைத் தாண்டிச் செல்லவே பழகியுள்ளோம். பிள்ளையின் பதிப்புரைகளில் ஆராய்ச்சியுண்டு, வழக்காடலுண்டு, கோபமுண்டு, மன்றாட்டுமுண்டு. செல்லரித்த ஏடுகளைப்பற்றி அவர் பேசுமிடத்து, நோயாளியின் படுக்கையருகே நிற்பவரின் குரலே கேட்கிறது. தம்மைக் கண்டித்தோர்க்கு விடையிறுக்கும்போது வாக்கியம் நீண்டு நீண்டு சென்று, இறுதியிற் சாட்டைபோற் சொடுக்கும். நீதித் துறையிலும் பணியாற்றிய அவரது பயிற்சி அங்கே தெரியும். அவர்தம் காலக் கணிப்புக்கள் பல இன்று நிலைபெறவில்லை, உரைநடை நிலைபெற்றுள்ளது. சுயசரிதம் எழுதாத அவருக்கு அப்பதிப்புரைகளே சுயசரிதம். ஐயரின் நூலையும் அவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபின், ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டிய அவசியம் எனக்கு இல்லாமற் போயிற்று.

கவிதை நூல்களைக் கொப்பியிற் குறிக்கும் வழக்கம் எனக்கில்லை. அவை நினைவில் நின்றால் நிற்கும், இல்லையேல் இல்லை. ஒன்றுக்கு மாத்திரம் விலக்களிக்கிறேன். மஹாகவியின் 'குறும்பா' 1966 இல் வந்தது. ஆங்கிலத்து ஐந்தடி நகைப்பாட்டின் வடிவைத் தமிழ் யாப்பிற்கு இசையச் செய்தமைத்த அச்சிறு பாட்டுக்களை விளையாட்டென்றே முதலிற் கொண்டேன். திரும்பப் படித்தபோது சிரிப்பு அடங்குமுன் நெஞ்சிற் சுருக்கென்றது. ஊரிற் பெரியவரென நடப்போர் பலர் அந்த ஐந்தடிக்குள் அகப்பட்டிருக்கிறார்கள்.

முதல் வாசிப்பு, மறுவாசிப்பு என்னும் பாகுபாட்டுக்கே அடங்காத நூல்களும் உண்டு. ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதான கோசம்' யாழ்ப்பாணத்தில் 1902 இல் வெளிவந்தது. அதனை எவரும் முதலிலிருந்து முடிவுவரை படிப்பதில்லை. அகத்தியரைத் தேடப்போய் அங்கதனிடம் அரைமணிநேரம் நிற்பதே அதனைப் படிக்கும் முறை. மானிப்பாயிற் பணிபுரிந்த வைத்தியர் சாமுவேல் கிறீனின் 'இரண வைத்தியம்' (1867) வேறொரு வகை. நோயைப்பற்றி ஒன்றும் அறியாத நான் அதனைச் சொல்லுக்காகவே புரட்டுவேன். அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர், 1864 தொடக்கம் நம் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, அதற்கு வேண்டிய நூல்களையும் ஆக்குவித்தார். அச்சொற்களுட் பல இன்று வழக்கிலில்லை. விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லுதல் கூடுமா என்று இன்றும் கூட்டங்களில் வினாவுவோர், அந்நூலின் இரண்டு பக்கங்களைப் படித்தபின் வினாவுவாராயின் நன்று.

இவற்றுட் பெரும்பாலானவற்றை யான் முதலிற் படித்தது யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே என்பதை முன்னரே குறிப்பிட்டேன். 1981 ஆம் ஆண்டு மே 31 இரவும் அடுத்தநாள் விடியற்காலையும் அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. கட்டிடம் பின்னர் மீண்டும் எழுந்தது. அழிந்தவற்றுட் பல, வேறிடங்களிலிருந்த பிரதிகளால் மீளக் கிடைத்தன. 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் இணையத்தளத்தின் துணையால், ஈழத்து நூல்கள் பலவற்றை இன்று வீட்டிலிருந்தே படிக்கிறேன். என் கொப்பிகளிற் சில நூல்களின் பெயருக்குக் கீழே முதற் குறிப்பு மாத்திரமே உளது. இரண்டாங் குறிப்புக்கு விட்ட இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்நூல்களை நான் பிறகு எங்கும் காணவில்லை. அவற்றைப்பற்றி இருபது வயதில் எழுதியவை சில கடுமையானவை. திருத்துவதற்கு நூலில்லை. ஆதலால் அப்பெயர்களை இங்கே எழுதாது விடுகிறேன்.

மீளக் கிடைத்த நூலிலும் கிடைக்காதது ஒன்றுண்டு. நூலகத்துப் 'பொன்னியின் செல்வன்' பிரதியில், கொலை நிகழும் அதிகாரத்தின் ஓரத்தில், எனக்கு முன்னே படித்த யாரோ ஒருவர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். அதன்கீழ் வேறொரு கையெழுத்தில், 'திரும்பப் படிக்கவும்' என்றிருந்தது. அவ்விருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கமாட்டார்கள். நூலகப் புத்தகத்தில் எழுதுதல் குற்றமென்று என் மாணவருக்குப் பலமுறை கூறியிருக்கிறேன், இன்றும் கூறுவேன். ஆயினும் இன்று கையிலுள்ள புதிய பதிப்பில் அப்பக்கம் வரும்போதெல்லாம் ஓரத்தைப் பார்க்கிறேன்.

விபுலாநந்த அடிகளின் 'யாழ்நூ'லைப்பற்றி ஏன் ஒன்றும் கூறவில்லை என்று நண்பர் ஒருவர் இக்கட்டுரையைப் படித்துவிட்டுக் கேட்டார். 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றப்பட்ட அந்நூல், அடிகள் அடுத்த மாதமே மறைவதற்குமுன் நமக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் என்பதை அறிவேன். நரம்புகளின் கணக்கு வருமிடத்தில் இருமுறை நின்றுவிட்டேன். முழுவதும் ஒருமுறை படித்ததாகக்கூட இன்னும் சொல்ல முடியாது. மேசைமேல் இருக்கிறது, வரும் மழைக்காலத்தில் மீண்டும் தொடங்க எண்ணியுள்ளேன்.